நிற்கும்போது விழுந்த குதிரை

யுத்தம் முடிந்த மறுவருஷம் பங்குனியில் என் குதிரை விழ ஆரம்பித்தது. ஓடும்போது விழவில்லை. ஓடும்போது விழுகிற குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன். கல் தடுக்கும், லாடம் கழன்றிருக்கும், இல்லாவிட்டால் வயசாகியிருக்கும். இது நிற்கும்போது விழுந்தது.

ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் ஜட்காக்கள் வரிசையாக நிற்கும். ரயில் வரும்வரை வேலை கிடையாது. நாங்கள் மர நிழலில் பீடி குடித்துக்கொண்டிருப்போம். குதிரைகள் வண்டியோடு நின்றபடி கண்ணயரும். அன்றைக்கு என் குதிரையின் தலை மெல்லத் தாழ்ந்தது. மூக்கு தரையைத் தொடுகிற அளவுக்கு வந்தது. அப்புறம் முன்னங்கால் இரண்டும் மடங்கி, முட்டி ரோட்டில் போய் அடித்தது. வண்டி முன்பக்கம் சாய்ந்தது. உடனே குதிரை திடுக்கிட்டு எழுந்து நின்றது. யாரோ அடித்துவிட்டதுபோல் காதை விடைத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தது. நான் ஓடிப்போய்க் கழுத்தைப் பிடித்தேன். அதன் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

முட்டியில் தோல் போயிருந்தது. வெயில் என்றார்கள். தண்ணீர் காட்டினேன். அடுத்த நாள் ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாள் மறுபடி விழுந்தது.

ஸ்டாண்டில் எனக்குப் பழக்கமான ஆள் ஒரு பாய். வண்ணாரப்பேட்டையில் லாயம் வைத்திருந்தார். மூன்று குதிரை, அதில் இரண்டை வாடகைக்கு விட்டு ஒன்றைத் தானே ஓட்டுவார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். மற்றவர்கள் சிரித்தபோது அவரும் சிரித்தார்.

"எங்க ஆளு போல கீது நைனா, உன் குதிர. அஞ்சு வேளையும் தொழுவுது."

அப்புறம் கிட்டே வந்து முட்டியைத் தடவிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. ஆனியில் பார்வை இருக்கிறது, அதற்குள் இதைச் சரிபண்ணு என்றார்.

பார்வை என்பது வருஷத்துக்கு ஒரு முறை வண்டியையும் குதிரையையும் ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டுவது. அதிகாரி பார்த்து முத்திரை போட்டால்தான் ஆள் ஏற்றி ஓட்டலாம். அவர் முதலில் பார்ப்பது பல்லை அல்ல, முட்டியைத்தான். முட்டியில் அடிபட்ட குதிரை விழுகிற குதிரை. விழுகிற குதிரைக்கு முத்திரை கிடையாது. முத்திரை இல்லாத குதிரையை வைத்துத் தீனி போட என்னால் ஆகாது. விற்கத்தான் வேண்டும். வாங்குகிறவன் சர்க்கஸ்காரன். சவாரிக்கு வாங்க மாட்டான், புலிக்கு வாங்குவான்.

அந்தக் குதிரை போனால் எனக்கு வேறு ஒன்றும் இல்லை. தொழிலுக்காக மட்டும் சொல்லவில்லை.

நான் இருந்தது கல்மண்டபத்துக்குப் பின்னால். ஒரு உப்புக் கிடங்கின் சுவரை ஒட்டி ஒரு அறை, அதற்குப் பக்கத்தில் ஓலைச் சாய்ப்பு. நடுவில் பலகைத் தடுப்பு. சாய்ப்பில் குதிரை, அறையில் நான். யுத்தத்தில் குண்டு விழும் என்று பட்டணம் காலியானபோது என் மனைவியைப் பொன்னேரியில் அவள் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். குண்டு இங்கே பெரிதாக ஒன்றும் விழவில்லை. அங்கே அவளுக்கு விஷ ஜுரம் வந்தது. எனக்குச் சேதி வந்து நான் போய்ச் சேர்ந்தபோது காரியம் எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளை இல்லை. அதன்பிறகு பலகைக்கு அந்தப் பக்கம் புல் மெல்லுகிற சத்தம்தான் வீட்டில் சத்தம். முதலில் இருந்த கிழட்டுக் குதிரை செத்துப்போன பின்பு அந்தச் சத்தமும் இல்லாமல் கொஞ்ச நாள் இருந்தேன். அது எனக்குச் சரிப்படவில்லை. தை மாதம் இந்தக் குதிரையை வாங்கினேன்.

பெட்டைக் குதிரை. செம்பழுப்பு நிறம். தரகர் கொட்டடியில் பத்துப் பதினைந்து குதிரைகளோடு கட்டியிருந்தது. வண்டியில் பழகிய குதிரை, கடிக்காது, உதைக்காது, கொள்ளு கொஞ்சம்தான் தின்னும் என்று தரகர் சொன்னார். வாங்கி ஒரு வாரம் ஆனதும் எனக்கே பெருமையாக இருந்தது. ராத்திரி எப்போது எட்டிப்பார்த்தாலும் நின்றுகொண்டிருக்கும். எங்கள் வண்டிக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. நல்ல குதிரை படுக்காது, நின்றபடியே தூங்கி எழும், படுக்கிற குதிரைக்குச் சோம்பல், இல்லாவிட்டால் சீக்கு என்பார்கள். என் குதிரை படுப்பதே இல்லை என்று ஸ்டாண்டில் சொன்னேன். கொடுத்துவைத்தவன் என்றார்கள்.

விழ ஆரம்பித்ததும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வயிற்றில் பூச்சி என்றார் பாய். இஞ்சி, மிளகு, பூண்டு, வெல்லம் வைத்து இடித்து உருண்டை பிடித்துக் கொடுத்தேன். லாடம் அடிக்கிறவர் காலில் ரத்தம் கட்டியிருக்கிறது என்று லாடத்தை மாற்றினார். திருவொற்றியூருக்குச் சவாரி போனபோது கோயிலில் கயிறு வாங்கிக் கட்டினேன். பாய் தர்காவிலிருந்து ஒரு கயிறு கொண்டுவந்தார். அதையும் கட்டினேன். ஒருவர் தோளில் சூடு போடச் சொன்னார். காய்ச்சிய கம்பியைக்கூட எடுத்து வந்துவிட்டார். குதிரை என்னைப் பார்த்தது. வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

சித்திரையில் ஒரு நாள் ஜவுளி வியாபாரம் செய்கிற தெற்கத்திக்காரர் ஒருவர் குடும்பத்தோடு ரயிலில் வந்து இறங்கினார். என் வண்டியில் ஏறினார்கள். அந்த அம்மா முன்னால், அவர் பின்னால். பெட்டி வரவேண்டும் என்று நிற்கச் சொன்னார். நின்ற நேரத்தில் குதிரை மடங்கியது. அந்த அம்மா சறுக்கி வந்து என் முதுகில் மோதினார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் வியாபாரி குடும்பத்தோடு இறங்கிவிட்டார்.

"நின்ன இடத்துலயே விழுதே. இத நம்பி எப்படிய்யா ஏறது?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் என் வண்டியில் ஏறுவதில்லை. புதிதாக வருகிறவர்கள்தான் ஏறினார்கள். நான் வண்டியை நிழலில் நிறுத்தாமல் சும்மா நடத்திக்கொண்டே இருந்தேன். நடந்தால் விழாது. ஸ்டேஷனுக்கும் துறைமுகச் சுவருக்கும் இடையில் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போவேன், வருவேன். ஸ்டாண்டில் யாரோடும் பேச நேரம் இல்லாமல் போனது. அவர்களும் கூப்பிடவில்லை.

மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். கண், காது, வாய், குளம்பு எல்லாம் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார். ரத்தம் எடுத்தார். ஓட்டிக் காட்டச் சொன்னார், ஓட்டினேன். வலிப்பு வருகிற குதிரைக்கு வாயில் நுரை வருமே, வந்ததா என்றார். இல்லை என்றேன். தீனி தின்கிறதா என்றார். தின்கிறது என்றேன். ராத்திரியில் எப்படி இருக்கிறது என்றும் கேட்டார்.

"ராத்திரில ஒரு பேஜாரும் இல்லீங்க. சும்மா நிக்கும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நான் சொன்னது பொய் இல்லை. எனக்கு அது பேஜாராகத் தெரியவில்லை.

மறுபடி வரச் சொல்லி, வந்தபோது உட்காரவைத்துச் சொன்னார். ரத்தத்தில் ஒன்றும் இல்லை, இருதயம் நன்றாக இருக்கிறது, கால் நன்றாக இருக்கிறது. "என்னன்னு எனக்குத் தெரியலப்பா. தெரியாம மருந்து கொடுக்க மாட்டேன்" என்றார். முட்டிக்குக் கட்டத் தோலில் உறை தைத்துக்கொள்ளச் சொல்லி, எப்படித் தைக்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினார். அதன்படி ஒரு செருப்புத் தைக்கிறவரிடம் தைத்துவாங்கினேன். அதன்பின் விழுந்தாலும் தோல் போகவில்லை. ஆனால் முட்டி உறையோடு குதிரையைப் பார்க்கிறவர்கள் தூரத்திலேயே விலகிப் போனார்கள்.

வைகாசியில் எனக்குக் குளிர் ஜுரம் வந்தது. மத்தியானம் வண்டியை அவிழ்த்துவிட்டுக் குதிரையைச் சாய்ப்பில் கட்டினேன். அறைக்குப் போகக் காலில் தெம்பு இல்லை. அங்கேயே மூலையில் போட்டிருந்த புல்லின் மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

கண் விழித்தபோது வெயில் ஓலை இடுக்கில் சாய்வாக வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மலைபோல் ஏதோ கிடந்தது. குதிரை. நாலு காலையும் நீட்டிக்கொண்டு, கழுத்தைத் தரையில் போட்டுக் கிடந்தது. செத்துப்போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம் உதடு அசைந்தது. கால் விறைத்து விறைத்து ஆடியது. பெரிதாகக் குறட்டை வந்தது. நான் அதுவரை குதிரை குறட்டை விட்டுக் கேட்டதில்லை. சாகிற மூச்சு என்று நினைத்து எழுந்து அதன் கழுத்தை உலுக்கினேன். அலறியடித்து எழுந்து நின்றது. உடம்பெல்லாம் புல்லும் சாணியும்.

முடிந்தது என்றுதான் நினைத்தேன். நிற்கிற குதிரை படுத்துவிட்டது.

மறுநாள் பக்கத்து வீட்டு அம்மா கஞ்சி கொண்டுவந்து வைத்தார். அவர் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். அவரிடம் சொல்லிப் பாய்க்குச் சேதி அனுப்பினேன். பாய் வந்தார். குதிரை படுத்துவிட்டது என்று நான் சொன்னதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"படுத்துட்டுதா? போச்சு நைனா. மனச தேத்திக்கோ" என்றார்.

ஜுரம் விட ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. நான் சாய்ப்பிலேயே கிடந்தேன். சாகப்போகிற குதிரையைத் தனியாக விட மனம் இல்லை. அது தினமும் படுத்தது. நான் கண்ணை மூடிச் சும்மா கிடந்தால் கொஞ்ச நேரம் என்னைப் பார்க்கும், முகர்ந்து பார்க்கும், பிறகு முன்காலை மடக்கிப் பக்கத்தில் படுக்கும். நான் உட்கார்ந்தால் அதுவும் எழுந்துவிடும். சாகவில்லை. தீனி அதிகமாகத் தின்றது. ஜுரம் விட்டு வண்டி பூட்டியபோது ஸ்டாண்டில் நின்றது, விழவில்லை. அடுத்த நாளும் விழவில்லை. பாய் தர்காக் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

உடம்பு தேறியதும் நான் அறையில் படுக்கப் போனேன். ஒரு வாரம் போயிற்று. மறுபடி விழுந்தது.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. ஒன்றை இரண்டு தடவை செய்துபார்த்த பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் ஏறும். சாய்ப்பில் படுத்துப் பார்த்தேன், விழவில்லை. அறைக்குப் போனேன், விழுந்தது. திரும்பவும் படுக்கையை எடுத்துக்கொண்டு சாய்ப்புக்கு வந்தேன். குதிரைக்குத் தூக்கம் இல்லை. தனியாக இருந்தால் படுக்காது. படுக்காமல் எத்தனை நாள் ஓடும்? நின்ற இடத்தில் தூக்கம் அமுக்கிவிடுகிறது. அவ்வளவுதான்.

பாயிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. பிறகு தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"எங்க லாயத்துல மூணு கீதா? ரெண்டு படுத்துகினு இருக்கும், ஒண்ணு நிக்கும். நிக்கிறதுதான் நல்ல குதிரன்னு அதுக்கு ஒரு பிடி கொள்ளு அதிகம் வெப்பேன். மறுநா பாத்தா அது படுத்துகினு இருக்கும், வேற ஒண்ணு நிக்கும். இன்னாடா இது, நல்ல குதிரயும் கெட்டுப்போச்சேன்னு அந்தக் கொள்ள எடுத்து இதுக்கு வெப்பேன். ஒண்ணு காவல், மத்தது தூக்கம். இத்தன வருசமா காவக்காரனுக்குப் படி அளந்துகினு இருந்துக்கிறேன் நைனா."

வெகுநேரம் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வருஷத்தில் நான் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

சாய்ப்பில் படுப்பது எனக்குக் கஷ்டமாக இல்லை. கொசு இருந்தது, சாணி நாற்றம் இருந்தது. ஆனால் மனைவி போன பிறகு இன்னொரு உயிர் மூச்சு விடுகிற இடத்தில் படுத்தது அங்கேதான். அதன் வயிற்றுச் சூடு என் முதுகில் படும். இப்படியே இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.

துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதும். எனக்கு அது பழக்கம். குதிரைக்கும் பழக்கம்தான், நிற்கும்போது. ஒரு விடியற்காலையில் அது நல்ல தூக்கத்தில் இருக்கும்போது சங்கு ஊதியது. பதறி எழுந்தது. சாய்ப்பு சின்னது, நகர இடம் இல்லை. குளம்பு என் இடது கையில் வந்து இறங்கியது. இரண்டு விரல் ஒடிந்தது. அதன் தப்பு இல்லை. அது என்னை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றது.

கட்டுப்போட்ட கையோடு வண்டி ஓட்ட முடியாது. பாய் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கையில வெச்ச கால அடுத்த வாட்டி தலையில வெக்கும். பார்வ வரிக்கும் என் லாயத்துல கட்டு. எங்க பசங்களோட படுத்துப் பழகட்டும். அப்பறமா இட்டுகினு போ."

பார்வை வரைக்கும்தானே என்று சம்மதித்தேன். நானே நடத்திக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். பாயின் மூன்று குதிரைகளுக்கு நடுவில் கட்டினோம். கொஞ்சம் உதைத்துக்கொண்டன, கடித்துக்கொண்டன, அடங்கின. நான் மறுநாள் காலையில் போனபோது அதன் ஒரு பக்கம் முழுக்கச் சாணி. பாய் என் குதிரையைத் தன் வண்டியில் பூட்டி, என் கை ஆறும்வரை ஓட்டினார். தினமும் போய் நான் தேய்த்துவிட்டு வருவேன். வேறு வேலை இல்லை. வீட்டில் பலகைக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லை.

ஆனியில் பார்வை வந்தது. ஆபீஸ் வாசலில் வண்டிகள் நீளமாக நின்றன. கை கொஞ்சம் தேறியிருந்தது. என் வண்டியை நானே கொண்டுபோனேன். முட்டி உறையைக் கழற்றச் சொல்லிவிட்டார் பாய், மறைத்தால் சந்தேகம் வரும் என்று. புண் ஆறியிருந்தது, ஆனால் அந்த இடத்தில் மயிர் வெள்ளையாக முளைத்திருந்தது. செம்பழுப்புக் குதிரையில் அது பளிச்சென்று தெரியும்.

அதிகாரி வந்தார். நேராக முட்டியைப் பார்த்தார்.

"விழற குதிரையா?"

"விழுந்துதுங்க. இப்ப வுழறதில்ல."

"எப்படி விழுந்தது?"

"நிக்கறப்ப."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்படியானால் நிற்கட்டும், கடைசியில் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

வெயில் ஏறியது. முன்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. என் குதிரை கண்ணை மூடியது. தலை தாழ்ந்தது. நான் கடிவாளத்தைப் பிடிக்கவில்லை. பிடித்தால் அவருக்குத் தெரியும். பின்காலில் ஒன்றை லேசாக மடக்கி, உதட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. தலை இன்னும் தாழ்ந்தது. அந்த மட்டில் நின்றுவிட்டது. ஈ மொய்த்தபோது வாலை வீசியது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. எல்லா வண்டியும் போன பிறகு அதிகாரி திரும்பி வந்தார். இரண்டு முட்டியையும் இன்னொரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு முத்திரை போட்டார்.

டாக்டரிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். அதனால் இது என்ன வியாதி, வியாதிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாய்ப்பைச் சுத்தம் பண்ணினேன். ஓலை மாற்றினேன். புதுப் புல் வாங்கிப் பரப்பினேன். பார்வை முடிந்தது, கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். நான் கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொண்டால் போயிற்று. நடுவில் ஒரு கட்டை கட்டிவிடலாம். இப்படியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். கயிற்றை எடுத்துக்கொண்டு காலையில் வண்ணாரப்பேட்டைக்குப் போனேன்.

பாய் தொழுகைக்குப் போயிருந்தார். லாயம் திறந்திருந்தது. பாயின் சாம்பல் குதிரை நின்றுகொண்டு என்னைப் பார்த்தது. மற்றவை எல்லாம் படுத்திருந்தன. என் குதிரை நடுவில், இன்னொன்றின் முதுகில் முதுகு படும்படி கிடந்தது. என் காலடிச் சத்தத்துக்குக் கண்ணைத் திறந்தது. நான்தான் என்று அதற்குத் தெரிந்தது. காது என் பக்கம் திரும்பியது. ஆனால் எழவில்லை. திரும்பக் கண்ணை மூடிக்கொண்டது.

நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். பாய் வந்து என் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தார்.

"இட்டுகினு போறியா?"

"இல்ல பாய். இங்கியே இருக்கட்டும். காலைல வந்து பூட்டிக்கிறேன்."

"வூட்ல தனியா இருப்பியே நைனா."

"இருந்துக்கிறேன்."

குதிரை எழுந்திருக்கும்வரை காத்திருந்தேன். முதல் ரயில் சவாரி போய்விட்டது. எழுந்து உடம்பை உதறிய பிறகு தேய்த்து, வண்டியில் பூட்டி, ஸ்டேஷனுக்கு ஓட்டினேன். சாயங்காலம் பாயின் லாயத்திலேயே அவிழ்த்துக் கட்டிவிட்டுக் கல்மண்டபத்துக்கு நடந்து வந்தேன். அதன்பிறகு தினமும் அப்படித்தான்.

மழைக்கு முன்னால் பக்கத்து வீட்டு அம்மா வந்து, சாய்ப்பு சும்மாதானே கிடக்கிறது, விறகு அடுக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அடுக்கிக்கொள்ளச் சொன்னேன்.